வேடந்தாங்கல்: ஏரியும் ஊரும் பறவைகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேடந்தாங்கல் எங்கே இருக்கிறது?

செங்கல்பட்டு மாவட்டம், மதுராந்தகம் வட்டம். சென்னையிலிருந்து ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையில் தெற்கே வந்தால், செங்கல்பட்டைத் தாண்டி படாளம் கூட்டு ரோட்டில் மேற்கே திரும்ப வேண்டும். மொத்தம் ஏறத்தாழ 80 கி.மீ. 1997 முதல் 2019 வரை இந்தப் பகுதி காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது. அதனால் சற்றுப் பழைய வழிகாட்டி நூல்களிலும் பலகைகளிலும் காஞ்சிபுரம் மாவட்டம் என்றே இருக்கும்.

பறவைகள் சரணாலயம் என்றதும் காடு என்று நினைத்தோம். அப்படி இல்லையா?

இல்லை. இது ஒரு பாசன ஏரி. சுமார் 30 ஹெக்டேர், அதாவது 74 ஏக்கர். செங்கல்பட்டுச் சீமையில் இருக்கும் நூற்றுக்கணக்கான மானாவாரி ஏரிகளில் இது நடுத்தரம்கூட இல்லை, சிறியதுதான். மற்ற ஏரிகளுக்கு இருக்கிற உறுப்புகள் எல்லாம் இதற்கும் உண்டு: மழைநீரைக் கொண்டுவரும் வரத்துக்கால்கள், நீரைத் தடுத்து நிறுத்தும் மண்கரை, வயலுக்கு நீர் விடும் மதகு, மிகுந்த நீர் வழிந்தோடக் கலங்கல், கரைக்குக் கீழே ஏரி நீர் பாயும் ஆயக்கட்டு நிலம். பார்வையாளர்கள் நடந்து போய்ப் பறவை பார்க்கும் பாதை அந்த ஏரிக்கரைதான்.

மற்ற ஏரிகளிலிருந்து இதை வேறுபடுத்துவது ஒன்றே ஒன்று. ஏரியின் உள்வாயில், தண்ணீருக்குள்ளேயே நிற்கும் மரக்கூட்டம். அந்த மரங்களில் கூடுகட்ட வரும் பறவைகளை ஊர் மக்கள் பல தலைமுறைகளாகக் காத்து வருகிறார்கள். அரசின் சரணாலயம் பின்னால் வந்தது. ஊரின் காவல் முன்னால் வந்தது. இந்த வரிசையை மாற்றிச் சொல்லும் குறிப்புகள் நிறைய உலவுகின்றன. அதனால்தான் இதை இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

பறவைகளைக் காப்பதால் ஊருக்கு என்ன பயன்?

எரு. ஆயிரக்கணக்கான பறவைகள் சுற்றுவட்டாரத்து ஏரிகளிலும் வயல்களிலும் மீனும் நத்தையும் தவளையும் தின்றுவிட்டு, மரத்துக்குத் திரும்பி வந்து எச்சமிடுகின்றன. எச்சம் நேராகத் தண்ணீரில் விழுகிறது. பறவை எச்சத்தில் தழைச்சத்து (நைட்ரஜன்) பெரும்பாலும் யூரிக் அமில வடிவில் இருக்கும். நீரிலும் சேற்றிலும் உள்ள நுண்ணுயிரிகள் அதை அம்மோனியாவாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. பயிரின் வேர் எடுத்துக்கொள்ளும் வடிவங்கள் இவை. எச்சத்தில் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) உண்டு. ஆக, பல கிலோமீட்டர் சுற்றளவில் சிதறிக் கிடக்கும் சத்தைப் பறவைகள் இந்த ஒரு ஏரிக்குக் கொண்டுவந்து சேர்க்கின்றன. மதகைத் திறந்தால் அது ஆயக்கட்டுக்குப் போகிறது. கோடை நெருங்கும்போது ஏரி நீர் பச்சைப் பசேல் என்று மாறுவதும் இந்தச் சத்தில் பாசி தழைப்பதால்தான்.

காலமும் பொருந்தி வருகிறது. இந்தப் பக்கம் சம்பா, நவரை, சொர்ணவாரி என்று மூன்று நெல் பட்டங்கள், அதாவது சாகுபடிப் பருவங்கள். பறவைகள் கூடுகட்டி உச்சத்தில் இருக்கும் டிசம்பர், ஜனவரி மாதங்களில்தான் நவரை நடவு. எச்சம் கரைந்த நீரின் முழுப் பலனும் நவரைப் பயிருக்குக் கிடைக்கிறது.

அப்படியானால் இந்த நீர் பாயும் வயலுக்கு யூரியா வேண்டாமா?

முழுவதும் விட்டுவிடலாம் என்று சொல்ல முடியாது. ஆனால் வழக்கமான அளவை அப்படியே போடுவது தவறு. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. ஏற்கெனவே சத்துள்ள நீர் பாயும் வயலில் அதையும் முழு அளவு கொட்டினால் பயிர் கரும்பச்சையாகக் கொழுத்து நிற்கும். பார்க்க அழகாக இருக்கும். பிறகு புகையானும் இலைச்சுருட்டுப் புழுவும் குலைநோயும் அங்கேதான் முதலில் வரும். கதிர் பிடித்ததும் ஒரு காற்று மழைக்கே சாய்ந்துவிடும்.

இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்துப் போடுவதே சரி. இலையின் பச்சையை ஒப்பிட்டுத் தழைச்சத்துத் தேவையை அறிய, எண்ணிட்ட பச்சை நிறப் பட்டைகள் கொண்ட அட்டை அது. நட்ட 14-ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை, வயலில் பரவலாகப் பத்து பயிர்களைத் தேர்ந்து, நன்றாக விரிந்த மேல் இலையை அட்டையோடு ஒப்பிட வேண்டும். வெயில் நேராக விழாமல் உடம்பால் மறைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். வெயிலில் நிறம் வெளிறித் தெரியும். வெள்ளைப் பொன்னி போன்ற ரகங்களுக்கு அளவு 3, மற்றவற்றுக்கு 4. பத்தில் ஆறு இலைகளாவது அந்த அளவுக்குக் கீழே இருந்தால்தான் மேலுரம். இல்லையென்றால் அந்த வாரம் ஒன்றும் போட வேண்டாம்.

1798-ல் என்ன நடந்தது?

செங்கல்பட்டுப் பகுதி 1763-ல் ஆற்காட்டு நவாபிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக, அதாவது வரி வசூலிக்கும் உரிமையுள்ள நிலப்பகுதியாக வந்தது. கம்பெனிச் சிப்பாய்கள் ஏரிக்கு வந்து நாரைகளைச் சுட்டார்கள். ஊரார் கலெக்டரிடம் முறையிட்டார்கள்: இந்தப் பறவைகள் எங்கள் காவலில் இருப்பவை, இவற்றைச் சுடக் கூடாது. அப்போது கலெக்டராக இருந்தவர் லியோனல் பிளேஸ். ஏரியில் பறவைகளைக் காக்க ஊராருக்கு வழிவழியாக இருக்கும் உரிமையை ஏற்று 1798-ல் அவர் கவுல் எழுதிக் கொடுத்தார். கவுல் என்றால் உரிமைச் சாசனம். 1858-ல் அது புதுப்பிக்கப்பட்டது.

கம்பெனி அதிகாரி ஏன் இதற்கு இசைந்தார் என்று கேட்பவர்கள் உண்டு. பிளேஸ் 1794 முதல் 1798 வரை ஜாகீரின் கலெக்டர். ஏரி மராமத்தில் அக்கறை காட்டியவர், குடிகளின் மிராசு உரிமைகளை, அதாவது பரம்பரை நில உரிமைகளைப் பற்றி விரிவாக அறிக்கை எழுதியவர். பக்கத்து மதுராந்தகம் பெரிய ஏரியின் கரை மழையில் உடையாமல் ராமர் காத்தார் என்ற ஏரி காத்த ராமர் கோயில் கதையில் வரும் துரையும் இவர்தான். அந்தக் கோயிலின் தாயார் சன்னதிக் கல்வெட்டில் இவர் பெயர் இருக்கிறது. ஏரி நீர் வயலுக்குப் போவதும், வயல் விளைச்சல் வரியாக வருவதும் தெரிந்த அதிகாரிக்கு ஊராரின் வாதம் புரிந்திருக்கும் என்று கொள்வதில் தவறில்லை.

கவனிக்க வேண்டியது அந்தக் கவுலின் தன்மை. கலெக்டர் ஒரு சரணாலயத்தை உண்டாக்கி ஊருக்குக் கொடுக்கவில்லை. ஊரில் முன்பே இருந்த காவலை ஒப்புக்கொண்டார். எனவே 1798 என்பது எழுத்தில் ஏறிய ஆண்டு. காவல் அதற்கும் மூத்தது.

அதற்குப் பிறகு சட்டப்படி என்னென்ன மாறின?

1936-ல் சரணாலயமாக அங்கீகரிக்கப்பட்டது. 1962-ல் சென்னை வனச் சட்டத்தின் கீழ் வந்தது. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அதன் காப்பும் சேர்ந்தது. 1998-ல் ஏரியை மையமாக வைத்து 5 கி.மீ. ஆரத்துக்கு உட்பட்ட பகுதி முழுவதும் வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயம் என்று அறிவிக்கப்பட்டது. 2022-ல் ராம்சார் என்னும் பன்னாட்டு ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது.

30 ஹெக்டேர் ஏரிக்கு 5 கி.மீ. ஆரம் எதற்கு?

பறவை ஏரியில் தூங்குகிறது, கூடுகட்டுகிறது, சாப்பிடுவது வெளியே. இத்தனை ஆயிரம் வாய்க்கு இந்தச் சிறிய ஏரியின் மீன் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. சுற்றியுள்ள ஏரி, குளம், நெல்வயல்தான் அவற்றின் சாப்பாட்டுத் தட்டு. அந்த ஏரிகள் தூர்ந்தாலோ, வயல் மனையானாலோ, ஆலைக் கழிவு ஓடையில் கலந்தாலோ, வேடந்தாங்கல் ஏரியின் ஒரு மரத்தைக்கூட யாரும் தொடாமலேயே இங்கே கூடுகள் குறையும். குஞ்சுக்கு இரை கொண்டுவர ஒவ்வொரு நடைக்கும் கூடுதல் தூரம் பறக்கும் தாய்ப்பறவையால் மூன்று குஞ்சை வளர்க்க முடியாது. ஒன்றை வளர்க்கும், மற்றவை பட்டினியில் போகும்.

2020-ல் இந்த ஆரத்தை 3 கி.மீ.யாகக் குறைக்கும் யோசனை எழுந்தது. பறவை ஆர்வலர்களும் பொதுமக்களும் கடுமையாக எதிர்த்தார்கள். யோசனை கைவிடப்பட்டது. எதிர்த்தது சரியே. ஏரியை மட்டும் வேலிகட்டிக் காப்பது, சமையற்கட்டை இடித்துவிட்டுப் படுக்கையறைக்குப் பூட்டுப் போடுவது மாதிரி.

இங்கே வரும் பறவைகள் ஆஸ்திரேலியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் வருபவைதானே?

பெரும்பாலானவை அல்ல. மிகப் பரவலாக நம்பப்படும் தவறு இது. இங்கே மரத்தில் கூடுகட்டுபவை நத்தை குத்தி நாரை, மஞ்சள் மூக்கு நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், வெள்ளை அரிவாள் மூக்கன், சாம்பல் நாரை, இராக்கொக்கு, நீர்க்காகம், பாம்புத்தாரா, கொக்கு வகைகள். இவை எல்லாம் இந்தியத் துணைக்கண்டத்துப் பறவைகள். நீரும் இரையும் இருக்கும் இடம் தேடி உள்நாட்டுக்குள் இடம் மாறுபவை.

வடக்கே தொலைதூரத்திலிருந்து குளிர்காலத்துக்கு வருபவை வேறு: ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன் முதலியவை. இவை தண்ணீரில் மிதந்து இரை தேடும், ஓய்வெடுக்கும், மார்ச் வாக்கில் வடக்கே போய்விடும். இங்கே முட்டையிடுவதில்லை. கூட்டில் குஞ்சோடு ஒரு பறவையைப் பார்த்தால், அது வெளிநாட்டுப் பறவை அல்ல என்று உறுதியாகச் சொல்லலாம்.

எந்த மாதத்தில் என்ன பார்க்கலாம்?

எல்லாம் வடகிழக்குப் பருவமழையைப் பொறுத்தது. பொதுவாக:

அக்டோபர், நவம்பர்: ஏரி நிரம்பத் தொடங்கும். நத்தை குத்தி நாரை முன்னதாக வந்து இடம் பிடிக்கும். குச்சி சுமந்து வரும் பறவைகளை இப்போது பார்க்கலாம்.

டிசம்பர், ஜனவரி: உச்சம். கூடு கட்டுதல், அடைகாத்தல், குஞ்சு மூன்றையும் ஒரே மரத்தில் பார்க்கலாம். வாத்துகளும் இருக்கும்.

பிப்ரவரி, மார்ச்: வளர்ந்த குஞ்சுகள் கிளையில் நின்று சிறகடித்துப் பழகும். மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் தாமதமாகத் தொடங்குபவை, அவற்றின் குஞ்சுகள் இப்போது நிறைய இருக்கும்.

ஏப்ரலுக்குப் பிறகு கூட்டம் கலையும். கோடையில் போய் ஏமாந்து திரும்புபவர்கள் ஏராளம். தயவுசெய்து ஜூனில் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

ஒரே மரத்தில் இத்தனை வகைகள் எப்படிச் சண்டையில்லாமல் இருக்கின்றன?

சண்டை உண்டு, குச்சித் திருட்டும் உண்டு. ஆனால் இடம் பிரிந்திருக்கிறது. பெரிய நாரைகளும் கூழைக்கடாவும் தலைக்கிளைகளில், இறங்கி ஏற வசதியாக. நீர்க்காகமும் இராக்கொக்கும் சிறு கொக்குகளும் உள்ளேயும் கீழேயும். இரையும் பிரிந்திருக்கிறது. கூழைக்கடாவும் நீர்க்காகமும் மீன், கரண்டிவாயன் சேற்று நீரை அலகால் துழாவிச் சிற்றுயிர்கள், நத்தை குத்திக்கு நத்தை.

நத்தை குத்தியின் அலகு நடுவில் இடைவெளியோடு இருப்பது ஏன்?

வயல் நத்தையைப் பிடிப்பதற்கு. மேல் அலகும் கீழ் அலகும் அடியிலும் நுனியிலும் சேரும், நடுவில் சேராது. உருண்டை நத்தை வழுக்காமல் பிடிபட இது உதவுகிறது. நத்தையைத் தரையோடு வைத்து மேல் அலகால் அழுத்திக்கொண்டு, கீழ் அலகின் கூர்நுனியை ஓட்டின் வாய்மூடிக்கு உள்ளே நுழைத்து, சதையை ஓட்டோடு பிணைத்திருக்கும் தசையை அறுக்கும். பிறகு தலையை ஆட்டிச் சதையை உருவி எடுக்கும். ஓடு பெரும்பாலும் உடைவதில்லை. வயல் வரப்பில் முழுதாகக் கிடக்கும் வெற்று ஓடுகளைப் பார்த்தால் இந்த நாரை மேய்ந்த இடம் என்று தெரிந்துகொள்ளலாம். குஞ்சுக்கு இந்த இடைவெளி இருக்காது. வளர வளரத்தான் வரும். அதனால் அலகு முழுதாக மூடும் நத்தை குத்தியைக் கண்டால் அது இளம்பறவை.

விவசாயிக்கும் இது வேண்டப்பட்ட பறவை. இளம் நாற்றைக் கடிக்கும் நத்தையைக் குறைக்கிறது, நெல்லைத் தொடுவதில்லை. வயலில் நத்தைக் கொல்லி மருந்து போட்டால் பறவைக்கு இரையும் போகும், நஞ்சும் சேரும்.

ஏரிக்குள் நிற்கும் மரங்கள் என்ன? அவை அழுகிப் போகாதா?

முக்கியமானது கடப்ப மரம், நீர்க்கடம்பு என்றும் சொல்வார்கள். மாதக்கணக்கில் இடுப்பளவு, கழுத்தளவு நீரில் நின்றாலும் தாங்கும். அடுத்தது கருவேலம். இரண்டையும் சேர்த்து வைத்ததற்குக் காரணம் உண்டு: கடம்பு பரந்து அடர்ந்து நிழல் தரும், கருவேலத்தின் முள் குரங்கையும் பாம்பையும் ஓரளவு தடுக்கும்.

ஆனால் மரம் சாவது உண்மையான பிரச்சினை. கெடுப்பது வெள்ளம் மட்டும் அல்ல. ஆண்டுக்கு ஆண்டு எச்சம் இலைமேல் வெள்ளைப் பூச்சாகப் படிந்து தளிரைக் கருக்குகிறது, கூட்டுக்காகப் பறவைகள் பச்சைக் குச்சியை ஒடிக்கின்றன, கூழைக்கடா போன்ற கனத்த பறவைகளின் எடையில் தலைக்கிளை முறிகிறது. கோடையில் ஏரி வற்றிக் கிடக்கும் மாதங்கள்தான் மரம் மீண்டும் துளிர்க்கும் காலம். அதனால் ஏரி ஆண்டு முழுவதும் நிரம்பியிருப்பது நல்லது என்ற எண்ணம் தவறு. இப்போது நடும் கன்று கூடு தாங்கும் மரமாகப் பல ஆண்டுகள் ஆகும். மரம் பட்டுப்போன பிறகு நடுவது தாமதம். கன்றைத் தரைமட்டத்தில் நட்டால் முதல் மழையிலேயே முழுகிச் சாகும். மண்மேடு போட்டு, அதன்மேல் நட்டு, முதல் பருவத்தில் நுனி நீருக்கு மேலே இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஊரில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை என்பது உண்மையா?

உண்மை. தீபாவளி ஐப்பசியில் வருகிறது, அதாவது பறவைகள் வந்து இடம் பார்க்கும் நேரம். அப்போது சத்தம் கேட்டால் அவை வேறு ஏரிக்குப் போய்விடும். கூடு கட்டிய பிறகு சத்தம் கேட்டால் சேதம் வேறு மாதிரி. தாய்ப்பறவைகள் எல்லாம் ஒரே நேரத்தில் பதறி எழும்போது காலில் தட்டுப்பட்டு முட்டையும் குஞ்சும் கீழே விழும். மீதியைத் தாய் திரும்புவதற்குள் காக்கையும் பருந்தும் தூக்கும். இறகு முளைக்காத குஞ்சு உச்சி வெயிலில் நிழல் இல்லாமல் சிறிது நேரம் கிடந்தாலே வாடிவிடும். ஒரு சரவெடிக்கு இவ்வளவு விலை.

இந்தக் கட்டுப்பாடு வேடந்தாங்கலுக்கு மட்டும் உரியதல்ல. சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடி, கொள்ளுகுடிப்பட்டி மக்களும் இப்படியே வெடியைத் தவிர்த்து வருகிறார்கள். திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்தில் பறவைகள் வீட்டுப் பக்கத்து மரங்களிலேயே கூடுகட்டுகின்றன.

ஏரி நீரை வயலுக்குத் திறந்தால் பறவைகளுக்குப் பாதிப்பு இல்லையா?

எப்போது, எவ்வளவு என்பதைப் பொறுத்தது. மரத்தைச் சுற்றி நிற்கும் தண்ணீர்தான் கூடுகளுக்கு அரண். நாய், நரி, காட்டுப்பூனை, கீரி எல்லாவற்றையும் தள்ளி நிறுத்துவது அது. மரத்தடி தெரியும் அளவுக்கு நீர் இறங்கிவிட்டால், கீழே விழும் குஞ்சைக் காத்திருந்து தின்னும் நாய்கள் முதலில் வரும். கூட்டுக்குள் ஆபத்து என்று பறவைகள் உணர்ந்தால் அடைகாக்கும் முட்டையைக்கூட விட்டுவிட்டுப் போய்விடும்.

சம்பாவுக்கும் நவரைத் தொடக்கத்துக்கும் நீர் விடும்போது சிக்கல் இல்லை, ஏரி நிறைந்திருக்கும். பிப்ரவரி, மார்ச்சில் நவரைக்குக் கடைசி நீர் தேவைப்படும்போதுதான் தாமதக் குஞ்சுகளும் கூட்டில் இருக்கும். மழை குறைந்த ஆண்டில் இந்த இரண்டும் மோதும். கடைசி நனைப்புகளைக் கிணற்று நீரில் முடித்துக்கொள்வது, மதகை அகலத் திறக்காமல் முறை வைத்து விடுவது, அந்த ஆண்டு நவரைப் பரப்பைக் குறைப்பது ஆகியவையே வழிகள். ஊரும் வனத்துறையும் பருவத் தொடக்கத்திலேயே கலங்கல் மட்டத்தைப் பார்த்துப் பேசி முடிவெடுத்தால் மார்ச்சில் தகராறு வராது.

தூர் வாருவது எப்போது?

பறவைகள் போனபின், அடுத்த மழைக்கு முன். அதாவது ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. சரணாலயம் என்பதால் வனத்துறை அனுமதி இல்லாமல் கூடாது. மரத்தின் வேர்ப்பரப்பைத் தோண்டக் கூடாது. கரையின் உள்சரிவை ஒட்டியும் தோண்டக் கூடாது; அங்கே பள்ளம் விழுந்தால் கரை சரியும். வாரும் வண்டலில் பல ஆண்டு எச்சம் படிந்திருக்கும், அதை வயலுக்கு அடிப்பது பழைய வழக்கம். மனை நிரப்ப அதைக் கொண்டுபோவது பெரிய வீண். ஏரியைவிட முதலில் பார்க்க வேண்டியது வரத்துக்கால். அது அடைபட்டிருந்தால் ஏரியை எவ்வளவு ஆழமாக்கியும் நீர் வராது.

ஏரியில் மீன் பிடிக்கலாமா?

கூடாது.

பார்க்கப் போகிறவர்கள் எப்படித் திட்டமிடுவது?

காலை 6 முதல் 8 மணிக்குள், அல்லது மாலை 4 மணிக்கு மேல் இருட்டும்வரை. காலையில் இரைக்குக் கிளம்பும் கூட்டம், மாலையில் திரும்பும் கூட்டம். மாலையே சிறந்தது; அரை மணி நேரம் ஒரே இடத்தில் நின்றால் வானத்தின் நாலு பக்கமும் இருந்து வரிசை வரிசையாக வந்து இறங்குவதைப் பார்க்கலாம். நடுப்பகலில் பெற்றோர் பறவைகளில் பாதி வெளியே இருக்கும்.

செங்கல்பட்டு, மதுராந்தகம் இரண்டும் ரயில் நிலையங்கள், அங்கிருந்து பேருந்து. 8×42 அல்லது 10×50 இருகண்ணோக்கி போதும். படம் எடுக்க 400 மி.மீ.க்குக் குறைந்த லென்ஸில் பறவை புள்ளியாகத்தான் விழும். வெள்ளை, சிவப்பு, ஆரஞ்சு உடைகளைத் தவிர்த்து மங்கிய நிறம் போடுங்கள். கைபேசியில் பாட்டு வேண்டாம். கல்லெறிந்து பறக்கவிட்டுப் படம் எடுப்பது சட்டப்படி குற்றம். டிரோன் பறக்கவிடுவதும் கூடாது, பறவைக்கு அது பருந்து.

கீழே விழுந்த குஞ்சைப் பார்த்தால் என்ன செய்ய வேண்டும்?

எடுக்க வேண்டாம், பால், சோறு, தண்ணீர் எதையும் வாயில் ஊற்ற வேண்டாம். மூச்சுக்குழாயில் போய்ச் செத்துவிடும். அடுத்த நபரை அங்கே நிறுத்திவிட்டு, நுழைவாயிலில் இருக்கும் வனத்துறை ஊழியரிடம் இடத்தைச் சொல்லுங்கள். நாய் நெருங்கினால் விரட்டினால் போதும். நாரைக் குஞ்சின் அலகு கண்ணைக் குறிவைக்கும், முகத்தை அருகில் கொண்டுபோகக் கூடாது.

போனோம், பறவைக் கூட்டம் குறைவு. வேறு எங்கே பார்க்கலாம்?

பக்கத்திலேயே, ஏறத்தாழ 10 கி.மீ. தூரத்தில் கரிக்கிலி சரணாலயம் இருக்கிறது. அதுவும் பாசன ஏரிதான், அதுவும் 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. கூடுகள் அங்கே குறைவு. ஆழமில்லாத திறந்த நீர் என்பதால் வாத்துகளும் கரையோரப் பறவைகளும் நன்றாகத் தெரியும். காலையில் கரிக்கிலி, மாலையில் வேடந்தாங்கல் என்று வைத்துக்கொண்டால் ஒரே நாளில் இரண்டு வகைப் பறவைகளையும் பார்த்துவிடலாம். இடைப்பட்ட வழியில் தண்ணீர் நிற்கும் நெல்வயல்களையும் விட்டுவிடாதீர்கள். நத்தை குத்தி மேய்வதைப் பத்தடி தூரத்தில் பார்க்கக் கிடைப்பது அங்கேதான்.